25 நிமிஷம் உட்காருங்கள்!

"அந்த அலமாரியை ஒரு நாள் ஒழித்து வைக்க வேண்டும்" என்று சொல்லாத வீடு உண்டா? தீபாவளிக்குச் சொல்கிறோம், பொங்கலுக்குச் சொல்கிறோம். வருஷப் பிறப்பும் வந்து போகிறது. அலமாரி மட்டும் அப்படியே இருக்கிறது.

பழந்துணி அடைத்த அலமாரியானால் பாதகமில்லை. பாங்கிப் புத்தகம், டெபாசிட் ரசீது, இன்ஷூரன்ஸ் பத்திரம், வீட்டு வரிச் சீட்டு எல்லாம் ஒரே துணிப் பையில் திணித்திருக்கிறதே, அந்த அலமாரியைச் சொல்கிறேன். டெபாசிட்டில் 'நாமினி' பெயர் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா? பணம் போட்டவரே கையெழுத்திட்டால்தான் அதை எழுத முடியும். அவர் காலத்துக்குப் பிறகு என்றால், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேற நேரலாம்.

இது தெரிந்தும் ஏன் தள்ளிப் போடுகிறோம்? சோம்பலா? விடிந்தது முதல் ஓயாமல் உழைக்கிற உங்களை யார் சோம்பேறி என்பார்கள்! முழு வேலையும் ஒரேயடியாகக் கண்முன் வந்து நிற்பதால் உண்டாகும் மலைப்புத்தான் காரணம்.

இதற்கு இத்தாலியில் ஒரு மாணவர் வழி கண்டார். பெயர் பிரான்செஸ்கோ சிரில்லோ. 1980-களின் பிற்பகுதியில், பாடத்தில் மனம் பதியாமல் தவித்தவர், சமையலறை மணிக் கடிகாரம் ஒன்றை முடுக்கி வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். அது தக்காளி வடிவக் கடிகாரம். இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் 'பொமொடோரோ' என்று பெயர். அவருடைய முறைக்கும் அதுவே பெயராயிற்று. 25 நிமிஷம் ஒரே வேலை; 5 நிமிஷம் ஓய்வு. நான்கு தவணை ஆனதும் சற்று நீண்ட ஓய்வு. அவ்வளவுதான்!

இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். 'முடிப்பேன்' என்று நீங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. 'மணி அடிக்கும் வரை உட்காருவேன்' என்கிறீர்கள். இதில் மலைக்க என்ன இருக்கிறது?

முதல் தவணையில் காகிதங்களைப் பாங்கி, வீடு, இன்ஷூரன்ஸ், பள்ளிக்கூடம் என்று பிரித்தால் போதும். எதையும் படிக்க வேண்டாம். மணி அடித்ததும் எழுந்து காற்றாட நில்லுங்கள். அடுத்த தவணையில் பாங்கிக் காகிதங்களை மட்டும் பார்த்து, நாமினி இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில், 'பாலுக்கு உறை ஊற்றவில்லையே!' என்று நினைவு வந்தால், துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். கைபேசியில் மணி வைப்பதானால், அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்!

அடுப்பில் ஒன்றும் இல்லாத வேளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். "மணி அடிக்கும் வரை அம்மாவைக் கூப்பிடக் கூடாது" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். அம்மாவுக்கும் தனக்கென்று 25 நிமிஷம் உண்டு என்பது அவர்களுக்குப் புதிய செய்தி அல்லவா? இரண்டொரு நாளில் பழகிவிடும்.

இன்று இரவு சமையலறையை ஒழித்துப் போட்டதும் அந்தப் பையை எடுத்து முடிச்சை அவிழுங்கள்.