பீங்கான் விதையும் ஏலக்காயும்

விடிந்தும் விடியாத நேரத்தில் கம்பம்மெட்டு ஏறி வரும் ஜீப்புகள் கேரளத்து வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பிரிந்து போகின்றன. தேனி மாவட்டத்துப் பெண்கள் காய் எடுக்க இறங்குகிறார்கள். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. குத்தவைத்து உட்கார்ந்து, பிஞ்சை விட்டுவிட்டு, முற்றிய காயை மட்டும் விரலால் கிள்ள வேண்டும். அந்தக் காய் உலர்ந்து, தரம் பிரிந்து, புற்றடி ஏல மையத்தின் கணினித் திரைக்கு வரும்போது கிலோவுக்கு என்ன விலை என்பது மட்டுமே மிஞ்சுகிறது. கிள்ளிய விரல் எங்கும் தெரிவதில்லை.

இப்படி மறைந்துபோகும் விரல்களைக் காட்டவே சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பீங்கானைக் கையில் எடுத்தார். 2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் அரங்கின் தரையில் 10 கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். எல்லாமே பீங்கான். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெசென் நகரில் சுமார் 1,600 கைவினைஞர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ஒவ்வொரு விதையிலும் தூரிகையால் கோடு இழுத்தார்கள். மாவோ காலத்து வறுமையில் நண்பர்கள் கூடிக் கொறித்த விதை அது. மலிவுச் சரக்காக உலகெங்கும் போகும் சீனப் பொருளுக்குப் பின்னே இத்தனை கைகள் இருக்கின்றன என்று அந்தக் குவியல் சொன்னது.

பார்வையாளர்கள் முதலில் அதன் மேல் நடந்தார்கள். பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்று சில நாள்களிலேயே அது நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் இப்படிப்பட்ட விதைகள் 100 கிலோ, 3,49,250 பவுண்டுக்கு விலைபோயின. நுகர்வைக் கேள்வி கேட்ட கலையும் கடைசியில் எடை போட்டு விற்கப்பட்டது. ஏலம் பார்த்துப் பழகிய வண்டன்மேட்டுக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தராசில் ஏறாத மண்ணும் நம்மிடம் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புக்கு முன் ஊரார் குயவரான வேளாரிடம் பிடிமண்ணாக ஒரு கைப்பிடி மண் கொடுப்பார்கள். அதிலிருந்துதான் அய்யனார் குதிரை தொடங்கும். பிள்ளை பிறந்தவர் குழந்தைப் பொம்மை வைப்பார். கால் வலி தீர்ந்தவர் மண்ணில் செய்த காலையே வைப்பார். பயமும் நன்றியும் ஏக்கமும் சூளையில் வெந்து உருவமாகின்றன. திருவிழா முடிந்ததும் அவற்றை யாரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை, விற்பதுமில்லை. மழையிலும் வெயிலிலும் அவை கோயிலடியிலேயே நின்று உதிர்கின்றன. காட்சிக்கூடத்துக் கலைஞர்கள் தேடும் உணர்வு இங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. கேரளத்தில் பிறந்து போபால் பாரத் பவனில் பணியாற்றிய சிற்பி ஜி. ரகுவின் கிராமத்து மனிதச் சிற்பங்களிலும் அந்த உணர்வைக் காணலாம்.

வண்டன்மேட்டுக்கு இப்படி ஒரு உருவம் வேண்டும். குத்தவைத்துக் காய் எடுக்கும் பெண்ணை, மலையடிவாரத்துக் குயவர்களும் தோட்டத்துப் பிள்ளைகளும் சேர்ந்து மண்ணில் செய்து, ஏல மையத்தின் வாசலில் நிறுத்த வேண்டும். அதற்கான இடத்தையும் குயவருக்கான முழுக் கூலியையும் ஸ்பைசஸ் போர்டும் ஏல நிறுவனங்களும் கொடுக்க முன்வரட்டும்.