பிள்ளைகள் தலையில் பெரியவர் பாரம்

தேவராவிலும் வாத்துருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. ரேஷன் கடையிலோ, அரசு மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் இடத்திலோ தகப்பனார் ஒருவர் நிற்பார். அவருக்கு முன்னால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை நிற்கும். எதிரில் இருப்பவர் மலையாளத்தில் கேட்பதைப் பிள்ளை தமிழில் சொல்லும். தகப்பனார் தமிழில் சொல்வதை மலையாளத்தில் திருப்பிச் சொல்லும். காரியம் முடிந்ததும், "எம் புள்ள இல்லேன்னா இந்த ஊர்ல எனக்கு ஒண்ணும் ஓடாது" என்று தகப்பனார் பெருமையோடு சொல்லிக்கொள்வார்.

அந்தப் பெருமை நியாயமானதே. பிழைப்புத் தேடி வந்த இடத்தில் இரண்டு மொழியும் பழகிய பிள்ளை வளர்வது குடும்பத்துக்குப் பெரிய பலம். ஆனால் அந்தப் பலத்தை எதுவரை பயன்படுத்தலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை நம்மவர்கள் நின்று யோசிப்பதில்லை. பிள்ளைகளைப் பொறுப்புள்ளவர்களாக வளர்ப்பது வேறு. பெரியவர்களின் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது வேறு. இந்த வேற்றுமை மறந்துபோவதால் வரும் தீங்குகள் பல.

கொச்சித் தமிழர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் வந்தவர்கள் அல்லர். கோட்டைக் கொச்சி வெளி மைதானத்தருகே சலவைத் தொழில் செய்யும் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தங்கள் முன்னோர் அழைத்துவரப்பட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கென 1976இல் கட்டப்பட்ட சலவைக் கூடம் இன்றும் இயங்கி வருகிறது. அக்குடும்பங்களில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. வாத்துருத்தியில் ரயில் பாதையின் ஓரமாகக் குடியிருக்கும் தொழிலாளர்களின் நிலை அப்படியல்ல. திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் வந்தவர்கள் அவர்கள். விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புபவர்களுக்கு மேஸ்திரியிடமும் மளிகைக் கடையிலும் பேசும் அளவுக்கே மலையாளம் தெரியும். எழுத்து அறவே தெரியாது. இத்தகைய குடும்பங்களில்தான் பிள்ளை வீட்டுக்கே வாயாகவும் காதாகவும் ஆகிவிடுகிறது.

கடையில் விலை கேட்டுச் சொல்வதால் பிள்ளைக்குக் கேடில்லை. கணக்கும் வரும், நாலு பேரிடம் பேசும் துணிவும் வரும். ரயில் நிலையத்தில் முன்பதிவுப் படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னாலும் நல்லதே. ஆனால் வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் வந்து சத்தம் போடும்போது, அந்தச் சுடுசொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கித் தகப்பனாரிடம் சொல்லும்படி ஒரு சிறுவனை நிறுத்தலாமா? தாயின் அந்தரங்க நோயை மருத்துவரிடம் பன்னிரண்டு வயது மகள் விளக்குவதும், மருத்துவர் சொல்லும் பதிலை அவளே முதலில் கேட்டுப் பயப்படுவதும் முறையா? நோய் பெரிதானால், அந்தச் செய்தியைத் தாயிடம் சொல்லும் கொடுமையும் அவள் பங்குக்கே வருகிறது. பாதி விளங்கியதை முழுதாகச் சொல்லப்போய் மருந்தின் அளவு மாறிப்போகும் அபாயம் வேறு.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஆசிரியர் பெற்றோரை அழைத்து, "பையன் வீட்டுப்பாடம் எழுதுவதே இல்லை" என்று குறை கூறுகிறார். அதை மொழிபெயர்ப்பவன் அதே பையன். "நல்லாப் படிக்கிறேனாம், இன்னும் கொஞ்சம் படிக்கணுமாம்" என்று சொல்லிவிடுகிறான். தகப்பனார் ஆசிரியரைக் கும்பிட்டுவிட்டு மகிழ்ச்சியோடு திரும்புகிறார். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். வருட முடிவில் மதிப்பெண் பட்டியல் வரும்போது அந்தச் சிரிப்பு நிற்காது. அதைவிடப் பெரிய நஷ்டம், பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது, என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்கள் என்ற எண்ணம் பிள்ளை மனத்தில் வேரூன்றிவிடுவதுதான். அந்த எண்ணம் வந்த வீட்டில் அதட்டலும் அடியும் பயன்படா.

பொறுப்பு என்பது வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை தன் தட்டைக் கழுவி வைக்கலாம். பத்து வயதில் தன் துணியைத் துவைத்து, பையை அடுக்கி, நேரத்துக்கு எழலாம். பதின்மூன்று வயதில் வீட்டுச் செலவுக் கணக்கை எழுதலாம். இவற்றில் மகன், மகள் என்ற பேதம் கூடாது. நம் வீடுகளில் பாத்திரமும் கைக்குழந்தையும் மகளுக்கு என்றும், தெருவும் பந்தும் மகனுக்கு என்றும் பங்கு பிரித்து விடுகிறோம். தாயும் வேலைக்குப் போகும் வீட்டில், தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவதை இன்றும் காண்கிறோம். 1975இல் துவங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் அங்கன்வாடிகள், மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு உணவும் ஆரம்பக் கல்வியும் தருகின்றன. வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்று தயங்கி ஒதுங்கத் தேவையில்லை. பக்கத்து அங்கன்வாடியில் போய்க் கேட்டால், மூத்தவளின் படிப்பு தப்பும்.

சட்டமும் நம் பிள்ளைகள் பக்கமே நிற்கிறது. 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது. ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதும் மறுப்புக்குக் காரணமாகாது. படிப்பு இடையில் நின்ற பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி தர வேண்டும். பள்ளியில் அடிப்பதையும் மனம் புண்பட நடத்துவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, பதினான்கு வயது நிறையாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவி செய்ய அனுமதி உண்டு. சித்தாள் வேலைக்குத் தாயுடன் மகளையும் அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் கதவைத் திறந்தாலும், பிள்ளையை நாள்தோறும் உள்ளே அனுப்புவது பெற்றோரின் கடமை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பலர், திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று மாதக் கடைசியில்தான் திரும்புகிறார்கள். இங்கே பள்ளிக்கு நீண்ட விடுமுறை ஓணத்துக்கே தவிர பொங்கலுக்கு அல்ல. அந்த மூன்று வாரப் பாடத்தைப் பிள்ளை பிறகு பிடிப்பது கஷ்டம். ஊர்ப் பாசம் வேண்டியதுதான். குலதெய்வக் கும்பிடும் தாத்தா பாட்டி உறவும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் நீண்ட பயணத்தைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொண்டால் ஊரும் மிஞ்சும், படிப்பும் மிஞ்சும்.

மொழியால் பின்தங்கும் பிள்ளைகளைக் கைதூக்கிவிட எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் ரோஷ்ணி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் கிடைத்த அனுபவம் அதற்கு வழிகாட்டியது. வேறு மாநிலப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மொழி அறிந்தவர்களைக் கொண்டு, வழக்கமான வகுப்பு துவங்குவதற்கு முன் காலையில் பாடம் நடத்தி, சிற்றுண்டியும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்காகக் கேரள எழுத்தறிவு இயக்கம் அதே 2017இல் பெரும்பாவூரில் துவக்கியது 'சங்ஙாதி' திட்டம். அதன் பாடநூலுக்கு 'ஹமாரி மலையாளம்' என்று பெயர். இந்தி தெரிந்தவர்களை உத்தேசித்தே அது எழுதப்பட்டது என்பதைப் பெயரே காட்டும். தமிழ் தெரிந்தவர்களுக்கும் அதுபோல ஒரு சிறு நூலும் மாலை வகுப்பும் வேண்டும் என்று நாம் கேட்பதில் தவறில்லை. 1990 பிப்ரவரியில் இந்தியாவிலேயே முதன்முதலாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது இந்த எர்ணாகுளம். வீட்டுத் திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் வகுப்பு நடத்திப் பெற்ற பெருமை அது. அந்த மண்ணில் நம்மவருக்கு நாலு எழுத்து கற்பிக்க ஆள் கிடைக்காமல் போகாது.

தகப்பனும் தாயும் மலையாளம் கற்க நினைத்தால் ஆசிரியரை வெளியே தேடவும் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் பிள்ளை பெற்றோருக்கு மலையாள எழுத்துச் சொல்லித் தரட்டும். அடுத்த கால் மணி நேரம் பெற்றோர் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தரட்டும். பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவரானால், ஊர்க்கதையும் விடுகதையும் உறவுமுறையும் சொல்லட்டும். கற்றுக்கொள்வதில் வயதுக்கு வெட்கமில்லை என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். ஆயிரம் புத்திமதி செய்யாததை அது செய்யும்.

சில பிள்ளைகளுக்கு வேறொரு வேதனை உண்டு. 'பாண்டி' என்று சக மாணவர்கள் கேலி செய்வதால், பள்ளி வாசலில் தாயார் தமிழில் கூப்பிட்டால் காதில் விழாததுபோல் நடந்துவிடுகிறார்கள். அதற்காகப் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. கேலி எல்லை மீறினால் ஆசிரியரிடம் நேரில் சென்று அமைதியாக எடுத்துச் சொல்ல வேண்டும். பெற்றோர் தங்கள் தொழிலையும் மொழியையும் பற்றித் தலைநிமிர்ந்து பேசும் வீட்டில் பிள்ளைக்கு அந்த வெட்கம் நெடுநாள் நிற்பதில்லை.

சம்பள நாளன்று தகப்பனார் எப்படி வீடு திரும்புகிறார் என்பதில்தான் பிள்ளைகளின் மகிழ்ச்சி பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. குடித்துவிட்டு வருகிறவரிடம் பிள்ளை கற்பது பயம் ஒன்றுதான். பயந்து வளர்ந்த பிள்ளை பொய் சொல்லும், அல்லது தன்னைவிடச் சிறியவனை அடிக்கும். பிள்ளைக்கு வேண்டிய சந்தோஷம் பெரும் செலவில் வாங்குவதல்ல. ஞாயிறு மாலை எர்ணாகுளம் சுபாஷ் பூங்காவிலோ கோட்டைக் கொச்சிக் கடற்கரையிலோ கைபேசியை மடித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உடன் இருந்தால் போதும். பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டு வந்தவர்களும் வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், தவறாமல் பேச வேண்டும். 'காசு வந்ததா' என்று பெரியவர்களிடம் கேட்டு முடிப்பதற்கு முன், 'இன்றைக்கு என்ன விளையாடினாய்' என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

கடைசியாக, கொச்சியில் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வங்கிகளிலும் குமாஸ்தாக்களாக இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். அலுவலக நடைமுறையும் தெரியும். பக்கத்துக் குடியிருப்பில் ஒரு தாய்க்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால், அன்று மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நம்மில் ஒருவர், முடிந்தால் நம் வீட்டுப் பெண்களில் ஒருவர், துணைக்குப் போகலாம். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தகப்பனாரோடு போய் ஆசிரியர் சொல்வதை உள்ளபடி எடுத்துச் சொல்லலாம். மாதத்தில் இரண்டு மணி நேரம் இதற்குப் போதும். சங்கங்களும் மன்றங்களும் பொங்கல் விழாவுக்குக் காட்டும் உற்சாகத்தில் பாதியை இதற்குக் காட்டினால், பெரியவர் வேலையைப் பெரியவர் செய்வர். நம் பிள்ளைகளுக்குப் படிக்கவும் விளையாடவும் நேரம் மிஞ்சும்.