உணரி ஆடை: முன்மாதிரி யாருடைய உடலுக்கு?

இதயத் துடிப்பை அளக்கும் ஆடை ஒன்றைத் தைப்பது இன்று பெரிய வித்தையன்று. வெள்ளிப் பூச்சிட்ட நைலான் நூல், துணியில் தைக்கத்தக்க சிறு மின்சுற்றுப் பலகை, ஓர் உணரி, ஒரு பேட்டரி ஆகியவை கிடைத்தால் பொறியியல் மாணவர் ஒருவரே சில வாரங்களில் முன்மாதிரியை உருவாக்கிவிடலாம். அதை அணியப் போகிறவர் யார் என்பதை முதல் தையலுக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

1990-களில் அமெரிக்கக் கடற்படையின் நிதியுதவியோடு ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தில் 'ஸ்மார்ட் ஷர்ட்' உருவானது. அந்த ஆய்வுக்குத் தலைமையேற்ற சுந்தரேசன் ஜெயராமன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். துணியோடு நெய்யப்பட்ட ஒளியிழைகள் குண்டு துளைத்த இடத்தைக் காட்டும். உணரிகள் வீரரின் உயிர்க்குறிகளைத் தெரிவிக்கும். அணிபவர் யார், எந்தச் சூழலில் அணிவார் என்பது அங்கே தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது.

நம் ஆய்வகங்களில் அத்தெளிவு பெரும்பாலும் இல்லை. மின்முனை தோலோடு ஒட்டியிருந்தால்தான் இதயத்தின் மின்னலை சரியாகப் பதியும். துணி தளர்ந்தால் உடலசைவும் அதனோடு கலந்துவிடும். எனவே இறுக்கமான சட்டையே விரும்பப்படுகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் இளம் ஆண் மாணவர் ஒருவர் அதை அணிந்து பார்க்கிறார்; வரைபடம் அழகாக வருகிறது. மே மாத வெயிலில் சாரத்தின் மீது நிற்கும் கட்டடத் தொழிலாளி அதை எட்டு மணி நேரம் அணிய இயலுமா? வியர்வை முதலில் மின்தொடர்பை மேம்படுத்தும்; நாளடைவில் அதன் உப்பு வெள்ளிப் பூச்சை அரிக்கும். துவைகல்லில் அடித்துத் துவைத்தால் மின்னிழை எத்தனை நாள் தாங்கும்? சேலைக்கு மேல் சட்டை அணிந்து சித்தாள் வேலை செய்யும் பெண்ணுக்கு மின்முனையை எங்கே வைப்பது?

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உணரி தரும் எண்ணுக்குத் தானாகப் பொருள் அமைவதில்லை. அணிந்தவர் தம் உடல்நிலையைச் சொல்லும் சொல்லே அந்த எண்ணுக்கு உரை. ஆங்கில வினாத்தாளில் மனப்பதற்றத்துக்கு ஒரு கட்டம், நெஞ்சுத் துடிப்பு மிகுவதற்கு வேறொரு கட்டம். தமிழரின் 'படபடப்பு', இந்தி பேசுவோரின் 'கப்ராஹட்' ஆகியவை இரண்டையும் ஒருங்கே சுட்டுபவை. 'மயக்கம்' என்றால் தலைசுற்றலா, நினைவிழப்பா? வெப்பத் தாக்குதலை முன்னறிய விரும்பும் ஆடைக்கு இந்த வேறுபாடு உயிர்நிலையானது. தவறாகக் குறிக்கப்பட்ட கட்டத்தைக் கணினி உண்மையென்றே கற்றுக்கொள்ளும்.

"முன்மாதிரி தொழில்நுட்பத்தை மெய்ப்பிக்க மட்டுமே, மக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பர். கருவியின் குறை மக்களிடம் சென்ற பின் தெரிந்தால் என்னவாகும் என்பதற்குச் சான்று உண்டு. விரலில் பொருத்தும் ஆக்சிஜன் அளவி, கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிப்படுத்தியது. அக்கருவியோ பல்லாண்டுகளாக மருத்துவமனைகளில் பயன்பட்டு வந்தது.

தரவு யாரிடம் செல்கிறது என்பதும் வடிவமைப்பின் பகுதியே. நாக்பூர், சண்டிகர் முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஜி.பி.எஸ். கடிகாரங்கள் கட்டப்பட்டதையும் அவர்கள் எதிர்த்ததையும் நாம் அறிவோம். இடத்தைக் காட்டிய கருவிக்கே அந்நிலை என்றால், களைப்பைக் காட்டும் சட்டை மேற்பார்வையாளர் கையில் என்னவாகும்? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாகப் பிரிக்கவில்லை. வேலைவாய்ப்பு சார்ந்த சில நோக்கங்களுக்கு ஒப்புதலின்றியே தரவைக் கையாளவும் அதன் 7-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஆகவே ஆய்வுக் குழுக்கள் மூன்றைச் செய்ய வேண்டும். முதல் முன்மாதிரியையே அணியப்போகும் தொழிலாளரோடு அமர்ந்து வெட்டித் தைக்க வேண்டும். வினாத்தாளை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்காமல், அவர்கள் உடலைப் பற்றிப் பேசும் சொற்களிலிருந்து தொகுக்க வேண்டும். தரவு முதலில் அணிந்தவருக்கே தெரிய வேண்டும். உணரியை அணைக்கும் பொத்தானும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இத்துறையில் உழைக்கும் நண்பர்கள் மறுப்பிருந்தால் எழுதுங்கள், விவாதிப்போம்.