அவலாஞ்சித் தண்ணீரும் பத்து ரூபாய் யூனிட்டும்

மாண்புமிகு மின்சாரத் துறை அமைச்சர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

மனு எழுதி, ரசீது பெற்று, ரசீதைக் காட்டி விசாரித்து, ‘மேலே அனுப்பியிருக்கிறோம்’ என்ற பதிலோடு திரும்பி, அந்த ‘மேலே’ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் குடியிருக்கும் எங்களாலேயே கண்டறிய இயலாமற்போன பின்னரே, இம்மடலைப் பகிரங்கமாக எழுதத் துணிந்தேன். இதனால் தங்களுக்கு ஏதேனும் சிரமம் நேருமாயின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எமரால்டு என்னும் மலையூரைத் தாண்டி அவலாஞ்சிக்குப் போகும் சாலையோரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவன் நான். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிப் பத்திரிகைகளில் பெயர் அடிபட்டதே, அந்த அவலாஞ்சிதான். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசத்தின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்தில், இந்த மழையெல்லாம் அவலாஞ்சி, எமரால்டு ஆகிய இரட்டை ஏரிகளில் தேங்கி, குந்தாப் பாலம், கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் மின்சாரமாகிச் சமவெளிக்குச் செல்வது தாங்கள் அறியாததல்ல. ஒரே தண்ணீரைப் பல இடங்களில் காசாக்கும் அந்த வித்தையை எங்கள் வீட்டுக்காரர் எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் திறம்படக் கற்றிருக்கிறார் என்பதற்குச் சாட்சி சொல்லவே வந்திருக்கிறேன்.

சட்டத்தையும் விதிகளையும் தங்களுக்கு நான் எடுத்துரைப்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகும். ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கூறுகிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு குடித்தனங்கள். மின்வாரியத்தின் மீட்டர் ஒன்று. வாடகைக்காரர் மூவருக்கும் வீட்டுக்காரர் தாமே வாங்கி மாட்டிய சப் மீட்டர்கள். பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் அம்மாள் கணவனை இழந்தவர். கேரட் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போய்ப் பிளஸ் ஒன் படிக்கும் மகளைக் காப்பாற்றுகிறார். இரண்டு பல்பு, ஒரு மிக்ஸி, பழைய டி.வி., வெந்நீர் போடும் ராடு ஒன்று: இவைதாம் அவருடைய மின்சார ஐசுவரியம். குளிரில் விறைத்த கைகால்களோடு தோட்டத்திலிருந்து திரும்புகிறவருக்கு அந்த ராடு ஆடம்பரம் அன்று என்பதை உறைபனி விழும் ஊரில் எவரும் ஒப்புவார்கள். ஜூலை மாதக் கணக்கில் அவருடைய சப் மீட்டர் காட்டியது இரண்டு மாதத்திற்கு 94 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் 940 ரூபாய் கேட்கப்பட்டது.

முதல் நூறு யூனிட்டிற்குக் கட்டணமில்லை என்று 2016 முதல் அரசாங்கம் மேடைதோறும் முழங்கி வருகிறதே, அதை அந்த மகளும் கேட்டிருந்தாள். மீட்டர்ப் பெட்டியில் செருகியிருந்த வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தாள். மொத்தம் 380 யூனிட். கட்டவேண்டியது 1,081 ரூபாய். அந்த அம்மாளிடம் 940, என்னுடைய 110 யூனிட்டிற்கு 1,100, மூன்றாம் குடித்தனத்தின் 80 யூனிட்டிற்கு 800 என்று வசூலான தொகை 2,840 ரூபாய். அதாவது, வாரியத்திற்குச் செலுத்தியது போக 1,759 ரூபாய் மிச்சம். வீட்டுக்காரர் தாம் உபயோகித்த 96 யூனிட்டும் இனாம். ஏழைக்கென்று அரசாங்கம் நீட்டிய கை ஏழையின் வாசற்படியைத் தொடுவதற்கு ஓர் அடி முன்பாகவே மடக்கப்படுவதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு வேண்டுமா? பத்தாம் வகுப்புத் தேறிய பெண் பென்சிலால் போட்ட கணக்கு இது. தணிக்கை அதிகாரிகள் எவரும் தேவைப்படவில்லை.

அட்டையைத் தொட்ட குற்றத்திற்குத் தண்டனை அன்று மாலையே கிடைத்தது. அந்தப் போர்ஷனின் பியூஸ் கட்டை காணாமற்போயிற்று. வெளியே விடாத மழை. உள்ளே உலராத துணிகளும் ஒரு மெழுகுவத்தியும். ‘மழைக்காலம், பியூஸ் போவது சகஜம்’ என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். 940 ரூபாயும், ‘வேலைக்கூலி’ என்று இன்னும் ஒரு நூறும் கைமாறிய பிறகு அந்தச் சகஜமான பியூஸ் சகஜமாகத் திரும்பி வந்தது.

இதை எழுதிக்கொண்டு போய்ச் சேர்த்த அலுவலகத்தின் பெயரை நான் கூறப்போவதில்லை. அங்கே இருப்பவர்களும் கீழ்ப்படிகிறவர்களே. சப் மீட்டர் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்றார்கள். அப்படியானால் அந்த அம்மாளின் பெயரில் தனி இணைப்புக் கொடுங்கள் என்றேன். வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். திருடனிடம் கையொப்பம் வாங்கி வந்தால் புகாரைப் பதிவு செய்வோம் என்று காவல் நிலையத்தில் சொன்னால் சிரிக்கும் உலகம், இதை மட்டும் நடைமுறை என்கிறது! 2022-இன் இறுதியில் ஒவ்வொரு இணைப்போடும் ஆதார் எண்ணைச் சேர்க்கச் சொன்னபோது, வாடகைக்காரரின் எண்ணைச் சேர்த்தால் வீடே கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளர்கள் நடுங்கினார்கள். அந்த நடுக்கத்தைத் தணிக்க எத்தனை அறிக்கைகள், எத்தனை விளக்கங்கள்! எங்கள் நடுக்கத்திற்கு ஓர் அறிக்கையாவது வந்ததா, ஐயா?

மானியத் தொகை எத்தனை ஆயிரம் கோடி என்று சட்டசபையில் பெருமையோடு படிக்கிறீர்கள். அதில் எவ்வளவு வாடகைக் குடித்தனங்களின் உள்ளே போகிறது, எவ்வளவு வாசலில் நிற்கும் உரிமையாளரின் மடியில் விழுகிறது என்று எப்போதாவது கேட்டீர்களா? கேட்க மாட்டீர்கள், இணைப்பை எண்ணுகிறீர்களேயன்றி அடுப்பை எண்ணுவதில்லை. எங்கள் மலையில் கேரட் கழுவுகிறவர்களும் தேயிலை பறிக்கிறவர்களும் வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்களும் பெரும்பாலும் எங்களைப்போல் ஒரு மீட்டருக்குக் கீழே மூன்று நான்கு பேராகத்தான் ஒண்டியிருக்கிறார்கள். நூறு யூனிட்டை இலவசமாகக் கொடுத்தவரும் நீங்கள், அதைப் பத்து ரூபாய்க்கு விற்கக் கண்டும் காணாதிருப்பவரும் நீங்கள்.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஏதாவது செய்யுங்கள் என்பதற்கு மேல் மனுக்களில் எழுதி அலுத்துவிட்டது. ஒன்றும் இயலாதென்றால், அந்த அம்மாளுக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள்: ‘தங்கள் ஊர் ஏரியின் தண்ணீரில் உண்டான மின்சாரத்திற்குத் தாங்கள் கொடுத்த 940 ரூபாய் நியாயமானதே’ என்று. அமைச்சரின் முத்திரை போட்டு அனுப்பினால் போதும். அடுத்த கணக்குக்கு அவர் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவார்.

இப்படிக்கு,
அவலாஞ்சிச் சாலையில் வாடகைக்கு இருக்கும் ஒருவன்