சாயங்கால வகுப்புக்கு இரண்டு மொழி வேண்டும்

பீன்யா கிளைக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. கோவில்பட்டியில் பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, நாலு ஊர் சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன் நான். கல்வியைப் பற்றிப் பேச உனக்கு என்னய்யா தகுதி என்று கேட்டால், பி.எட். எல்லாம் கிடையாது. ஆனால் மூன்று வருஷமாக ஹெக்கனஹள்ளி பக்கம் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சாயங்கால வகுப்பு நடத்துகிறோம். அதற்குக் கணக்கு எழுதுவது, ஆள் பிடிப்பது, கூடத்துச் சாவி வாங்கி வருவது எல்லாம் அடியேன் பொறுப்பு. அந்த அனுபவத்தில் தோன்றியதைச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

பீன்யா தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1970களின் கடைசியில் உருவான தொழிற்பேட்டை இது. லேத் பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பவுடர் கோட்டிங், கார்மென்ட்ஸ் என்று சந்துக்குச் சந்து வேலை உண்டு. 2014-லிருந்து மெட்ரோவும் ஓடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையிலிருந்து வந்த நம் ஆட்கள், ராய்ச்சூர், யாதகிரியிலிருந்து வந்த வடகர்நாடகத்துக்காரர்கள், பீகார், ஒடிசாக்காரர்கள் எல்லாரும் ஒரே வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

எங்கள் கவுண்டரில் அடிக்கடி பார்க்கிற விஷயம் ஒன்று. பணம் கட்ட வருகிற அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். கூட வருகிற ஆறாம் வகுப்புப் பெண் அம்மாவுக்காகக் கன்னடத்தில் வெளுத்துக் கட்டும். பக்கத்துக் கவுண்டரில் இந்திக்காரர் இருந்தால் அவரிடம் இந்தியும் பேசும். சரி கெட்டிக்காரி, சலானை நீயே நிரப்பும்மா என்று நீட்டினால் முழிக்கும். கன்னடம், இந்தி, இங்கிலீஷ் என்று மூன்று மொழியில் அச்சடித்த சலான் அது. மூன்றில் ஒன்றைக்கூட அந்தப் பிள்ளையால் தடுமாறாமல் படிக்க முடியாது. தமிழில் அச்சடித்துக் கொடுத்தாலும் இதே கதிதான்.

பேச்சு வேறு, படிப்பு வேறு. கனடாவில் டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். குடியேறி வந்த வீட்டுப் பிள்ளைகள் தெருவில் சரளமாகப் பேச இரண்டு வருஷம் போதும். பாடப் புத்தகத்து மொழியில் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து முதல் ஏழு வருஷம் பிடிக்கும் என்றார். இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். "கன்னடம் நன்றாகத்தானே பேசுகிறான், அப்புறம் ஏன் அறிவியல் பாடம் புரியவில்லை? மண்டையில் ஒன்றும் இல்லை" என்று வாத்தியார் முடிவு கட்டிவிடுகிறார். பையனும் அதை நம்பிவிடுகிறான். பத்தாம் வகுப்பில் ஃபெயில். அடுத்த மாசம் முலாம் பட்டறையில் ஹெல்பர். பெண்ணாக இருந்தால் பதினெட்டு வயதுக்குக் காத்திருந்து கார்மென்ட்ஸ், இல்லாவிட்டால் கல்யாணம்.

பேங்க் பாஷையில் சொன்னால் இது எவர்கிரீனிங். வராத கடனுக்கு மேலே புதுக் கடன் கொடுத்து, பழையது வசூலானதாகக் கணக்குக் காட்டுவார்களே, அது. படிக்கத் தெரியாத பிள்ளையை வருஷா வருஷம் மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவதும் அதே வேலைதான். கடனுக்காவது தொண்ணூறு நாள் கெடு வைத்து என்.பி.ஏ. என்று ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைக்கு அப்படி ஒரு கெடுவும் கிடையாது.

இதைச் சரிசெய்யத்தானே இத்தனை பேர் இலவச டியூஷன் நடத்துகிறார்கள் என்பீர்கள். நடத்துகிறார்கள், மறுக்கவில்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவழிக்க வேண்டும். மார்ச் நெருங்கினால் புத்தகப்பை, பேனர், போட்டோ எல்லாம் வரும். பாடம் என்னவென்று பார்த்தால் பெரும்பாலும் ஸ்போக்கன் இங்கிலீஷும் கம்ப்யூட்டரும். எந்த மொழியிலும் ஒரு பத்தி படிக்கத் தெரியாத பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு மொழியில் "குட் ஈவினிங் சார்" சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

என் கட்சி இதுதான். பீன்யா மாதிரி இடத்தில் சாயங்கால வகுப்பு இரண்டு மொழியில் நடக்க வேண்டும். ஒன்று கன்னடம், இன்னொன்று வீட்டு மொழி. இங்கிலீஷ் அதற்கப்புறம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ் மட்டும் சொல்லிக் கொடுத்தா போதாதா?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். போதாது. பெங்களூரில் தமிழ் வழிப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. பீன்யாவிலிருந்து அது பஸ் பிடித்துப் போகிற தூரம், எந்த அம்மாவும் ஆறு வயதுப் பிள்ளையை அனுப்ப மாட்டாள். பக்கத்தில் இருப்பது கன்னட வழி அரசுப் பள்ளி. 2015-ல் வந்த கன்னட மொழி கற்றல் சட்டமோ எல்லாப் பள்ளியிலும் கன்னடம் ஒரு பாடமாக இருந்தே ஆகவேண்டும் என்கிறது. இந்த ஊரில் வாழப்போகிற பிள்ளைக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பது நாம் அதற்குச் செய்கிற துரோகம்.

"அப்படின்னா கன்னடம் மட்டும் போதுமே, தமிழ் எதுக்கு?" இது அந்தப் பக்கத்துக் கேள்வி. புரியாத பாடத்தைப் புரிந்த மொழியில் சொன்னால்தான் ஏறும், அதற்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 29-ம் பிரிவே, முடிந்தவரை தாய்மொழியில் சொல்லிக் கொடு என்கிறது. பின்னம் என்றால் என்ன என்பதை ஒரு சப்பாத்தியைப் பிய்த்துத் தமிழில் விளக்கிவிட்டு, இதற்குப் பள்ளியில் "பின்னராசி" என்று பெயர், கன்னடத்தில் எழுது என்றால் பத்து நிமிஷ வேலை. கன்னடத்திலேயே திருப்பித் திருப்பிச் சொன்னால் ஒரு வாரம் போனாலும் ஏறாது.

இன்னொன்றும் உண்டு. தமிழும் கன்னடமும் பங்காளி வீடு. தமிழில் முதலில் வருகிற 'ப' கன்னடத்தில் பல இடங்களில் 'ஹ' ஆகிவிடும். பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு, பணம் ஹண. ஹெக்கனஹள்ளியில் இருக்கிற ஹள்ளியும் திருச்சிராப்பள்ளியில் இருக்கிற பள்ளியும் ஒன்றுதான். அதேபோல 'வ' பல இடங்களில் 'ப' ஆகும். வா பா, வேர் பேரு, வெள்ளி பெள்ளி. நம்ம பேங்க் வட்டிகூட அங்கே போய் 'பட்டி' ஆகிவிடுகிறது :-) இந்த இரண்டு விதியைச் சொல்லிக் கொடுத்த அன்றைக்குப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வார்த்தை கண்டுபிடித்தார்கள்.

கஷ்டமும் இருக்கிறது. தர்மபுரியில் நாலாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வருகிற பையனுக்கு 'க' ஒன்றுதான். கன்னடத்தில் நாலு. ப, த, ட எல்லாம் அப்படியே. 'கணித' என்று எழுதும்போது எந்தக் 'க' போடுவது என்று குழம்பித் தப்பாகப் போடுவான். பள்ளியில் அதைக் கவனக்குறைவு என்று சுழித்துவிடுவார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அவன் ஏன் தப்புப் போடுகிறான் என்றே புரியும்.

சரி, நடத்துவது எப்படி? நாங்கள் கண்டது இவ்வளவுதான்.

1. நேரம். பள்ளி நாலு மணிக்கு முடியும். கார்மென்ட்ஸ் போன அம்மா வீடு திரும்ப ஆறரை. நடுவில் இருக்கிற நேரம்தான் வகுப்புக்கான நேரம். நமக்கு வசதி என்று ஏழு மணிக்கு வைத்தால், பெண் பிள்ளைகள் சமையலுக்குப் போய்விடும்.

2. தம்பி தங்கை. பெரிய பெண் வரவேண்டுமானால் இடுப்பில் இருக்கிற தம்பியையும் உள்ளே விட வேண்டும். விதிமுறை பேசி அவனை வெளியே நிறுத்தினால் அவளும் நின்றுவிடுவாள். ஒரு பாய், நாலு படப் புத்தகம், போதும்.

3. ஆசிரியர். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் வெளியூர் ஆளைத் தேடவில்லை. அந்தத் தெருவிலேயே படித்தவர்களைப் பிடித்து, மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து, ஒருவருக்கு இருபது பிள்ளைகள் என்று ஒப்படைத்தார்கள். அதே வழிதான் இங்கேயும். பி.யூ.சி. முடித்த கன்னடப் பெண் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தமிழ் அம்மா ஒருவர், இரண்டு பேரும் ஒரே அறையில். ஐ.டி. நண்பர்கள் சனிக்கிழமை மட்டும் வந்து போவது நல்ல விஷயம்தான், ஆனால் அதை நம்பி வகுப்பு நடத்த முடியாது.

4. பள்ளி. இந்த வாரம் என்ன பாடம் என்பதைத் தலைமை ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து பாதியில் வந்த பிள்ளைக்கு டி.சி. வரவில்லை என்று யாராவது சொன்னால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5-ம் பிரிவில் இருக்கிறது என்பதையும் பணிவாக நினைவுபடுத்த வேண்டும்.

5. கணக்கு. வருகைப் பதிவேட்டை வைத்து எதையும் சாதித்ததாகச் சொல்லக் கூடாது. சேருகிற அன்றே ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைக் கன்னடத்திலும் தமிழிலும் படிக்கச் சொல்லி, எங்கே திக்கினது என்று எழுதி வைக்க வேண்டும். மூன்று மாசம் கழித்துத் திரும்பவும். முன்னேறாத பிள்ளை இருந்தால் அது வகுப்பின் என்.பி.ஏ., அந்தப் பிள்ளையின் குறை இல்லை.

2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது ஊரடங்கு போட்ட போலீஸ் எல்லைகளில் பீன்யாவும் ஒன்று. அதனால் தமிழ் வகுப்பெல்லாம் வெளியில் தெரியாமல் நடத்துங்கள் என்று சிலர் அறிவுரை சொன்னார்கள். நாங்கள் போர்டைப் பெரிதாகக் கன்னடத்திலும் அதன் கீழே தமிழிலும் எழுதி வைத்தோம். கூடத்துக்காரர் கன்னடர். தமிழ்ப் பிள்ளைகள் உட்கார்ந்து கன்னடம் படிப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே மின்விசிறி மாட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு ராய்ச்சூர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், தமிழ் எழுத்தையும் எட்டிப் பார்க்கிறார்கள். 2009-ல் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். அந்தக் காரியம் இந்த மாதிரிக் கூடங்களில்தான் மேலே நடக்க வேண்டும்.

எங்களால் தமிழுக்கு முடிகிறது. தெலுங்கு, உருது, ஒடியா பேசுகிற பிள்ளைகளுக்கு அவரவர் ஆட்கள் வந்தால் இடம் நாங்கள் தருகிறோம். பெங்களூரில் இருக்கிற தமிழ் நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கு வசூல் செய்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கை உங்கள் பகுதியில் ஒரு கன்னட ஆசிரியைக்குச் சம்பளமாகக் கொடுங்கள். ஆம், கன்னட ஆசிரியைக்கு. தமிழ் சொல்லிக் கொடுக்க நீங்கள் இருக்கிறீர்களே, வாரம் இரண்டு சாயங்காலம் போதும்.