பல்கலைக்கழக ஆய்வுகளில் நமது மாணவர்கள் எங்கே?

பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்படும் ஆய்வுகள் பற்றிய செய்திகளை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கின்றோம். விடுதி வசதி, பகிடிவதை, மனநலம், மொழி, இன உறவு எனத் தலைப்புகள் பல. "மாணவர்களில் இத்தனை வீதமானோர் இவ்வாறு கூறினர்" என்பதோடு செய்தி முடிந்துவிடும். அத்தகைய அறிக்கையொன்று கைக்குக் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது, பதிலளித்தவர்கள் யார் என்று காட்டும் அட்டவணையைத்தான். முஸ்லிம் சமூகத்தைப் பொறுத்தவரை பல சந்தர்ப்பங்களில் முழு அறிக்கையின் பெறுமதியும் அந்த ஒரு அட்டவணையிலேயே தங்கியிருக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 10,000 மாணவர்கள் உள்ள வளாகத்தில் 300 பேர் ஆய்வுக்குப் பதிலளிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் 9.7 வீதம். அதற்குக் கிட்டிய அளவில், 9 வீதமாக முஸ்லிம்கள் பதிலளித்திருந்தால் அவர்கள் 27 பேர். விகிதம் சரியாக இருக்கின்றது என்று ஆய்வாளர் திருப்தியடையலாம். ஆனால் இந்த 27 பேரில் ஒருவர் மாற்றிப் பதில் சொன்னாலே "முஸ்லிம் மாணவர்களின் கருத்து" கிட்டத்தட்ட 4 வீதத்தால் மாறிவிடும். அவர்களில் 20 பேர் ஒரே பீடத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் அது அந்தப் பீடத்தின் கருத்தே தவிர வேறில்லை. பெரும்பான்மையினருக்குப் போதுமான மாதிரி, சிறுபான்மையினருக்குப் போதாமல் போகும் இடம் இதுதான்.

ஆண், பெண் விகிதமும் இதே அளவு முக்கியமானது. நமது அரச பல்கலைக்கழகங்களில் மாணவிகள் 60 வீதத்துக்கும் அதிகம். ஆனால் பொறியியல் பீடங்களில் ஆண்களே கூடுதல். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்லாமியக் கற்கைகள் மற்றும் அரபு மொழிப் பீடத்திலுள்ள மாணவர் கலவை வேறு, சிங்கள மாணவர்கள் கணிசமாகக் கற்கும் பொறியியல் பீடத்தின் கலவை வேறு. ஒரு பீடத்தின் வட்ஸ்அப் குழுவில் மட்டும் படிவத்தைப் பகிர்ந்துவிட்டு "பல்கலைக்கழக மாணவர்கள் கருதுகின்றனர்" என்று எழுதுவது நியாயமாகாது.

அடுத்தது, எந்தப் பெட்டியில் நம்மை அடையாளமிடுவது என்ற பிரச்சினை. குடிசன மதிப்பீடு இனத்தையும் சமயத்தையும் வெவ்வேறாகக் கேட்கின்றது. இனத்தில் இலங்கைச் சோனகர், மலாயர் என்று தனித்தனி வகைகள் உண்டு. வளாக ஆய்வுகளிலோ சில வேளை "சிங்களம், தமிழ், ஏனையோர்" என்று முடித்துவிடுகின்றனர். இன்னும் சிலர் மொழிமூலத்தை வைத்தே இனத்தை அனுமானிக்கின்றனர். அப்போது தமிழ்மொழிமூலம் கற்ற கல்முனை மாணவி தமிழராகக் கணக்கிடப்படுகிறார். சிங்களமொழிமூலம் கற்ற குருநாகல் மாணவர் சிங்களவருக்குள் கரைந்துபோகிறார். சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் எழுதியதும், அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூல் வெளியிட்டதும் நமது வரலாறு. ஒரு வகைப்பாட்டுக்குப் பின்னால் எவ்வளவு அரசியல் இருக்கின்றது என்பதை நாம் புதிதாகக் கற்கத் தேவையில்லை.

எங்கே, எப்போது கேட்கிறார்கள் என்பதும் பதிலை மாற்றும். வெள்ளிக்கிழமை நண்பகல் சிற்றுண்டிச்சாலையில் படிவம் கொடுத்தால், ஜும்ஆவுக்குச் சென்ற மாணவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். உணவு வசதி பற்றி நோன்பு மாதத்தில் அங்கேயே விசாரித்தால் முஸ்லிம்கள் அநேகமாக எவருமே இருக்கமாட்டார்கள். இதில் யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனாலும் விளைவு ஒன்றுதான். ஆடை தொடர்பில் வளாகத்தில் பிரச்சினை இல்லை என்று ஓர் அறிக்கை சொன்னால், அபாயா அணியும் மாணவிகள் எத்தனை பேர் பதிலளித்தனர் என்று நிருவாகம் கேட்கப்போவதில்லை. தொழுகை அறை, விடுதி உணவு, வெள்ளிக்கிழமைப் பரீட்சை நேரம் போன்ற கோரிக்கைகளும் இப்படித்தான் "தேவை குறைவு" என்று ஒதுக்கப்படலாம்.

நமது பிள்ளைகளிலும் பலர் இத்தகைய படிவங்களை நிரப்பத் தயங்குகின்றனர் என்பது என் அவதானம். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னர் சமூகம் முழுவதும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட காலத்தை நினைத்தால் அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. பெயர் எழுதாவிட்டாலும் "முஸ்லிம், பெண், மூன்றாம் வருடம், பொறியியல்" என்ற நான்கு விபரங்கள் சில வேளை ஒரே ஒருவரைத்தான் சுட்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இனம், சமயம் பற்றிய தரவுகளை விசேட கவனத்துக்குரியவையாகவே வகைப்படுத்துகின்றது.

ஆகவே பொறுப்பு இரு தரப்புக்கும் உண்டு. ஆய்வு நடத்துவோர் இனத்தையும் சமயத்தையும் தனித்தனியே கேட்கவேண்டும். பதிலளிக்க விரும்பவில்லை என்ற தெரிவும் இருக்கவேண்டும். மும்மொழியிலும் படிவம் கிடைக்கவேண்டும். பதிலளித்தோரின் கலவையை வளாகத்தின் உண்மையான மாணவர் கலவைக்குப் பக்கத்தில் வைத்து வெளியிடவேண்டும். மிகச் சிறிய எண்ணிக்கைகளைத் தனியாகக் காட்டாது மறைக்கவேண்டும். சிறுபான்மையினரின் கருத்தைத் தனியாகச் சொல்ல விரும்பினால் அவர்களிடமிருந்து கூடுதலான மாதிரியைப் பெறவேண்டும்.

நமது தரப்பில் வளாகங்களிலுள்ள முஸ்லிம் மஜ்லிஸ்கள் ஒரு வேலையைச் செய்யலாம். ஆய்வொன்று வரும்போது அதை நடத்துவது யார், தரவு எங்கே போகின்றது என்பதை விசாரித்து, நம்பகமானது என்றால் மாணவ மாணவிகளைப் பங்குபற்றத் தூண்டலாம். என்ன பதில் எழுதவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அது ஆய்வையும் கெடுக்கும், நம் நம்பகத்தன்மையையும் கெடுக்கும்.

2001 குடிசன மதிப்பீடு 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக நடந்தது. யுத்தம் காரணமாக மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார் முஸ்லிம்களின் முழுமையான கணக்கு அதில் இல்லை. அன்று எண்ணப்படாமல் போனது நம் கையில் இருக்கவில்லை. இன்று ஒரு வளாகப் படிவத்தில் எண்ணப்படுவதற்குத் தேவைப்படுவது பத்து நிமிடம். அதைக் கொடுக்கும்படி பல்கலைக்கழகத்திலுள்ள உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.