பால் பவுடர் டின்னில் ஆன்டெனா... அப்பாவின் மோட்டார் ரூமுக்குப் போன வைஃபை! | செய்து பார்த்தேன்

தேனிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலிருந்து சுமார் 180 மீட்டர் தள்ளி தென்னந்தோப்பு, அதற்குள் கிணறு, பக்கத்தில் ஒரு மோட்டார் ரூம். பள்ளத்தில் இருப்பதால் அங்கே எந்த நெட்வொர்க்கும் எடுக்காது. 'தோப்புக்குப் போனா நிம்மதி, ஒருத்தனும் போன் பண்ண மாட்டான்' என்பார் அப்பா.

மூன்று மாதங்களுக்கு முன்னால் அந்த நிம்மதிதான் எங்களைப் பதறவைத்தது. கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கையில் போன் இருந்தது, சிக்னல் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா தற்செயலாக அந்த வழியே வந்து பார்க்கும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

சென்னையிலிருந்து ஓடிவந்த நான், இந்த வாரப் பகுதிக்கு என்ன செய்து பார்ப்பது என்பதை அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் காசில்லாத வேலை

வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. ஆனால், ரவுட்டர் ஹாலில் டி.வி-க்குப் பின்னால். மோட்டார் ரூமில் நின்று, சிக்னல் அளவு காட்டும் இலவச ஆப்பில் பார்த்தேன். மைனஸ் 89 டி.பி.எம்.

இந்த எண்ணைப் படிப்பது சுலபம். மைனஸ் 40 என்றால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். மைனஸ் 70 வரை தாராளமாகப் பேசலாம். மைனஸ் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டுக் கேட்கும். 90-ஐ நெருங்கினால் பெயர் மட்டும் தெரியும், கனெக்ட் ஆகாது. 10 புள்ளி குறைந்தால், சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்தேன். ஒற்றை ஆன்டெனா, திருகிக் கழற்றலாம். லேன் கேபிள் இழுத்து, மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் தோப்பைப் பார்த்த ஜன்னலோரம் வைத்தேன். மைனஸ் 82! இடத்தை மாற்றியதற்கே 7 புள்ளி லாபம். உங்கள் வீட்டிலும் எதையும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

ஆனால், 82 போதாது. மீதியை டின் பார்த்துக்கொள்ளும்.

டின் என்ன செய்கிறது?

சாதாரண ரவுட்டர் ஆன்டெனா, சுற்றிலும் எல்லாப் பக்கமும் அலையை அனுப்பும். ஒரு பக்கம் மூடிய டின்னுக்குள் ஆன்டெனாவை வைத்தால், அலை திறந்த வாய் வழியே ஒரே திசையில் போகும். புதிதாகச் சக்தி எதுவும் உருவாவதில்லை, இருப்பதைத் திருப்பிவிடுகிறோம். அப்பாவிடம் சொன்னதும், "அப்ப மடை மாத்தி விடுற மாதிரிதான?" என்றார். அதேதான்!

இன்னொரு விஷயம், இது கேட்பதற்கும் பொருந்தும். போனிலிருந்து திரும்பி வரும் பலவீனமான சிக்னலையும் அந்தத் திசையிலிருந்து டின் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். அதனால், வீட்டுப் பக்கம் மட்டும் டின் இருந்தால் போதும். அப்பாவின் போனில் எதையும் மாட்ட வேண்டியதில்லை.

அளவுதான் எல்லாம்

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில், 6-வது சேனலின் அலைநீளம் 12.3 செ.மீ. டின்னின் உள்விட்டம் ஏழரை முதல் 9.4 செ.மீ-க்குள் இருந்தால் நல்லது. இதைவிட ஒடுக்கமாகப் போனால் அலை உள்ளே ஓடாது. என் பால் பவுடர் டின் 9 செ.மீ விட்டம், 16 செ.மீ நீளம்.

டின்னுக்குள் நிற்கும் செம்புக் கம்பியின் உயரம், அலைநீளத்தில் கால் பங்கு. அதாவது 3.1 செ.மீ. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய தடிமனான ஒற்றைக் கம்பி போதும். மூடிய அடிப்பக்கத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது விட்டத்தைப் பொறுத்தது. 9 செ.மீ டின்னுக்கு 5.1 செ.மீ. விட்டம் 8.5 என்றால் 5.8 செ.மீ. அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கே எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் என்-டைப் கனெக்டர் ஒன்றும், அதை ரவுட்டரோடு இணைக்கும் குட்டி கேபிளும் வாங்கினேன். கடையில் 'பிக்டெயில்' என்று கேட்டால் தருவார்கள். கேபிள் நீளம் கூடக் கூட சிக்னல் அதிலேயே கரையும், அதனால் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். கனெக்டரின் நடு முனையில் செம்புக் கம்பியை சால்டர் செய்து கொடுத்தது எங்கள் தெரு டி.வி மெக்கானிக் அண்ணன். டின்னில் துளை போட்டு, சுற்றியுள்ள பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு கனெக்டரை முடுக்கினோம். உலோகமும் உலோகமும் தொட வேண்டும், பெயின்ட் இருந்தால் தொடாது.

மாட்டிப் பார்த்தால்... மைனஸ் 79. மூன்று புள்ளிதானா?

சொதப்பல் நம்பர் 1, 2

டின்னைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. டின்னின் அடித்தகடு, விளிம்பிலிருந்து அரை செ.மீ உள்ளே பதிந்திருக்கும். நான் வெளி விளிம்பிலிருந்து அளந்து துளை போட்டிருக்கிறேன். உள்ளே கம்பி 4.6-லேயே நிற்கிறது. அளவை எப்போதும் உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது டின்னுக்கு அடுக்களைக்குப் போனேன். "ஏன்டி, அதுல கடுகு போட்டு வெச்சிருக்கேன்" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் கடுகு ஒரு டப்பாவுக்கு மாறிவிட்டது. இந்த முறை சரியாக 5.1. மைனஸ் 73! முதலில் இருந்த 82-லிருந்து 9 புள்ளி. கிட்டத்தட்ட எட்டு மடங்கு சிக்னல்.

மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் 81. பயந்துபோய் மாடிக்கு ஓடினேன். ராத்திரி காற்றில் டின் உருண்டு, கம்பி படுத்தவாக்கில் இருந்தது. டின்னுக்குள் கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்துவிட்டால் அலையும் படுத்தவாக்கில் போகும், நிமிர்த்திப் பிடித்த போனுக்குச் சரியாகச் சேராது. இப்போது மரக்கட்டையில் வைத்துக் கட்டியாகிவிட்டது.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உடம்பு சிக்னலை மறைக்கும். ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து நின்று, பத்துத் தடவை அளந்து சராசரி எடுங்கள். ஒரே ஒரு ரீடிங்கை நம்பினால் ஏமாற்றம்தான்.

சட்டப்படி சரியா?

இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-ம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட் வரை வரம்பு. வீட்டு ரவுட்டரும் ஒரு டின்னும் சேர்ந்தால் 1 வாட்டைச் சுற்றித்தான் வரும். ஆனால், மொபைல் டவர் சிக்னலைக் கூட்டித்தருவதாக விற்கும் பூஸ்டர்களை அனுமதியில்லாமல் மாட்டுவது குற்றம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டின்னை ஜன்னலுக்கு உள்ளேயே வையுங்கள். மாடி உச்சியில் கம்பம் நட்டால் மின்னல் ஆபத்து உண்டு.

எங்கள் தேனிக்கு இது புதிதும் இல்லை. 2000-களின் நடுவிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்களும் சேர்ந்து, ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனாக்கள் மூலம் சுற்றுவட்டார கிராமப் பார்வை மையங்களைத் தேனியோடு வைஃபையில் இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்த நோயாளி, தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசினார். அவர்கள் பல கிலோமீட்டர் தாண்டியதோடு ஒப்பிட்டால், எங்கள் 180 மீட்டர் எல்லாம் ஜுஜுபி!

"என்னத்தா, கேக்குதா?"

அப்பா போனில் 'வைஃபை காலிங்'கை ஆன் செய்தேன். 2019 கடைசியிலிருந்து இந்தியாவில் வந்த வசதி இது. டவர் இல்லாவிட்டாலும், வைஃபை வழியே சாதாரண கால் போகும். அப்பா தோப்புக்குக் கிளம்ப, நானும் அம்மாவும் மாடியில் காத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. "என்னத்தா, கேக்குதா?" பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அம்மா போனைப் பிடுங்கி, "மெதுவா நடங்க" என்று மட்டும் சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன. மழை பெய்து தென்னை மட்டைகள் நனைந்தால் 4, 5 புள்ளி இறங்குகிறது. கரன்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், அதற்குக் குட்டி யு.பி.எஸ் வைத்திருக்கிறோம். தோப்பின் மறுகோடியில் இன்னமும் சிக்னல் இல்லை. அதனால் கிணற்றுப் பக்கம் போகும் முன்பும், திரும்பும் முன்பும் ஒரு கால் என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு நாள் கால் வரவில்லை என்றால், அடுத்த பத்தாவது நிமிஷம் பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்குப் போன் போகும்.

உங்கள் வீட்டில் சிக்னல் எட்டாத மூலை எது? அங்கே அதிக நேரம் இருப்பது யார்? காலி டின்னைக் குப்பையில் போடும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். கடுகு இருந்தால் மட்டும், அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்!